உப்புக் கேட்ட ஆசாரி

முதலில் பாப்பாத்தியக்கா தன் தட்டிலிருந்து ஒரு பிடி தேயிலைக் காம்பை அள்ளிப் புஷ்பத்தின் தட்டில் போட்டார். அடுத்து உட்கார்ந்திருந்தவள் ஒரு பிடி. அதற்கும் அடுத்தவள் ஒரு பிடி. வரிசை முழுக்க அப்படியே போனது. புஷ்பம் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் மடியிலிருந்த புத்தகத்தில் பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தாள்.

நான் தராசுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையிலிருந்த எடைக்கல்லைக் கீழே வைக்கக்கூட மறந்துவிட்டேன்.

போன வாரம் இந்தத் தொடரில் என்னைப் புதுப்பெண்ணாக மலையேற்றி அரவேணு பஸ் ஸ்டாப்பில் நிறுத்தியிருந்தேன். அதற்குப் பிறகு இரண்டு மழைக்காலம் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். என் வீட்டுக்காரர் ஊருக்குக் கீழே இருந்த டீ ஃபேக்டரியில் பச்சைக் கொழுந்துக்கு எடை போடும் கிளார்க். எனக்கும் அங்கேயே காம்பு ஹாலில் எடை போடும் வேலை கிடைத்திருந்தது.

காம்பு ஹால் என்றால் பலருக்குத் தெரியாது. மெஷினிலிருந்து வரும் தேயிலையில் சிவப்பாகக் காம்பும் நாரும் கலந்திருக்கும். பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து அதைக் கையால் பொறுக்கி எடுக்க வேண்டும். சாயந்தரம் அவரவர் பொறுக்கிய காம்பை நான் நிறுப்பேன். அந்த எடைக்குத்தான் கூலி. நாள் முழுக்கத் தூள் பறக்கும். தும்மினால் கைக்குட்டை டீ வடிகட்டிய துணிபோல ஆகிவிடும்.

புஷ்பம் ஒரு காம்பைக்கூடத் தொடாமல் படித்துக்கொண்டே இருப்பாள். சாயந்தரம் பார்த்தால் அந்த ஹாலிலேயே அவள் தட்டுதான் கனமாக இருக்கும். அதை நிறுக்க வேண்டியவள் நான்.

என் நாற்காலி

அவள் வருவதற்கு முன் அந்த ஹாலில் படிக்கிறவள் நான்தான். பத்தாவது வரை போனவள் வேறு யாரும் கிடையாது. வாரப் பத்திரிகை வந்ததும் தொடர்கதையை உரக்கப் படிப்பேன். வில்லனுக்குக் கரகரப்பாக ஒரு குரல், கதாநாயகிக்கு மூக்கால் ஒரு குரல் என்று நடித்துக் காட்டுவேன். எல்லோரும் நன்றாகக் கேட்பார்கள். ஆனால் ஒருநாளும் ஒருத்தியும் எனக்காக ஒரு பிடி காம்பு போட்டதில்லை.

இதை வீட்டுக்காரரிடம் சொன்னேன். “உனக்குத் தட்டே கெடையாதே புள்ள, எங்க கொண்டி போடுவாங்க?” என்றார். நியாயமான கேள்விதான். ஆனாலும் அன்றைக்கு அவருடன் பேசவில்லை.

எனக்குப் பொறாமை ஒன்றும் புதிதில்லை. சின்ன வயதில் என் பெரியப்பா மகளின் கையெழுத்தைப் பார்த்து எரிந்திருக்கிறேன். என் நாத்தனார் முறுக்கு சுற்றும் வேகத்தைப் பார்த்து எரிந்திருக்கிறேன். சும்மா இருக்கிறவளைப் பார்த்து யாருக்காவது எரியுமா? எவளைப் பார்த்தால் எரிகிறதோ அவளிடம் சரக்கு இருக்கிறது என்று அர்த்தம். இந்தத் தொடரில் இதுவரை நான் யார் யாரைப் புகழ்ந்திருக்கிறேனோ அத்தனை பேர் மேலும் பொறாமைப்பட்டிருக்கிறேன். அது என் பாராட்டுப் பத்திரம்.

அட்டை இல்லாத புத்தகம்

அப்போது கப்பல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்கு வந்து இறங்கி, தகரப் பெட்டியும் பாத்திர மூட்டையுமாக மலையேறுகிற குடும்பங்களை எந்த பஸ்ஸிலும் பார்க்கலாம். இங்கிருந்து போன தாத்தாவின் பேரப்பிள்ளைகள்தான். ஆனாலும் நாங்கள் சிலோன்காரர்கள் என்றுதான் சொல்வோம்.

புஷ்பம் அப்படி வந்தவள். ஒல்லியாக, நெற்றி அகலமாக இருப்பாள். வீட்டு வரிசையை லயம் என்பாள், அறையைக் காம்பரா என்பாள். தனியாகத்தான் வந்திருந்தாள். அவளுக்கு இந்தியாவுக்குப் போகலாம் என்று பேப்பர் வந்துவிட்டது. அவள் புருஷன் தங்கராசுவின் பேப்பர் ஏதோ ஒரு ஆபீஸில் சிக்கிக்கொண்டது. நீ முன்னால் போ, நான் பின்னால் வருகிறேன் என்று அனுப்பி வைத்திருக்கிறார்.

“அடுத்த கப்பல்ல வந்திருவாருங்க” என்பாள் யார் கேட்டாலும். கப்பல் வந்து வந்து போனது.

ஒரு மழை வாரம். பர்லியார் பக்கம் மண் சரிந்து ரோடு அடைத்துவிட்டது. பத்திரிகைக் கட்டு மலையேறவில்லை. ஹாலில் எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். நான் என்ன செய்ய? அப்போது புஷ்பம் எழுந்து, “அக்கா, எங்கிட்ட ஒரு பொஸ்தகம் இருக்குங்க. படிக்கட்டுங்களா?” என்று கேட்டாள்.

பெருந்தன்மையாகத் தலையை ஆட்டினேன். ஏதாவது தாலாட்டுப் பாட்டு வைத்திருப்பாள் என்று நினைத்தேன். என் புத்தியை என்ன சொல்ல!

புத்தகத்துக்கு அட்டை இல்லை. பெயரும் தெரியவில்லை. கடைசியிலும் சில தாள்கள் இல்லை; அது எங்களுக்கு அப்போது தெரியாது.

பாதிரியும் ஆசாரியும்

யாரோ எந்த மொழியிலிருந்தோ தமிழாக்கிய நாவல். மரம் ஏற்றிப்போன கப்பல் ஒன்று புயலில் உடைகிறது. தப்பியவர்கள் இரண்டே பேர். ஒருவர் பாதிரியார். இன்னொருவன் கப்பல் தச்சன். சாமி பூதம் ஒன்றையும் நம்பாதவன். இருவரும் ஒரு கதவைப் பிடித்துக்கொண்டு மிதக்கிறார்கள். அந்தக் கதவைச் செய்தவனே அந்தத் தச்சன்தான்.

மறுநாளே எங்கள் ஹாலில் தச்சன் “நம்ம ஆசாரி” ஆகிவிட்டான்.

மழை பெய்கிறது. வாயைத் திறந்து குடிக்கிறார்கள். கடவுள் கொடுத்தார் என்கிறார் பாதிரியார். “அப்படியென்றால் கப்பலை உடைத்தது யார்?” என்கிறான் ஆசாரி. இந்த இடத்தில் புஷ்பம் படிப்பதை நிறுத்திவிடுவாள். பாப்பாத்தியக்கா காம்பைக் கீழே போட்டுவிட்டு, “அதானே! அவனேதானே ஒடச்சான்?” என்பார். இன்னொருத்தி பாதிரியாருக்குப் பரிந்து பேசுவாள். மத்தியானச் சாப்பாடு வரைக்கும் சண்டை நடக்கும்.

எனக்குப் புரியாதது அவள் குரல்தான். ஏற்றமும் கிடையாது, இறக்கமும் கிடையாது. பக்கத்து வீட்டில் கடன் கேட்கப் போன மாதிரி தணிந்து படிப்பாள். டிரையர் சத்தத்துக்கு மேல் கேட்க வேண்டுமென்றால் நாம்தான் குனிய வேண்டும். எல்லோரும் குனிந்தார்கள். நான் ஸ்டூலிலிருந்து குனியமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தேன். பிறகு ஸ்டூலை நகர்த்திப் போட்டுக்கொண்டேன்.

அப்புறம் அந்தக் கடல். கடலைப் பற்றி எந்தச் சந்தேகம் வந்தாலும் அவளிடம்தான் கேட்பார்கள். உப்புத் தண்ணி குடித்தால் என்ன ஆகும், கரை எவ்வளவு தூரத்தில் தெரியும் என்றெல்லாம் கேட்பார்கள். விரலைப் பக்கத்தில் அடையாளம் வைத்துக்கொண்டு அவள் பதில் சொல்வாள். ஒரே ஒரு பகல் கப்பலில் உட்கார்ந்து வந்தவள், அதிலும் பாதி நேரம் வாந்தி எடுத்தவள், கடலையே விலைக்கு வாங்கின மாதிரிப் பேசினாள். நான் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. என்னிடம் கேட்க அவர்களுக்கு ஒன்றுமில்லை.

பாதி நாவலில் பாதிரியாருக்குக் காய்ச்சல். சாகும்போது, எனக்காக ஒரு ஜெபம் சொல் என்று கேட்கிறார். ஆசாரிக்கு ஒரு ஜெபமும் தெரியாது. தனக்குத் தெரிந்த மரங்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்கிறான். தேக்கு, வேங்கை, கருங்காலி, பலா, மருது. பாதிரியார் கண்ணை மூடிவிடுகிறார்.

ஹாலில் மூக்கைச் சிந்தாதவர் கிடையாது. நானும் சிந்தினேன். தூள் பறந்தது என்று சொல்லிக்கொண்டேன்.

அதன்பிறகு ஆசாரி தனியாகிவிட்டான். பேச ஆளில்லாமல் வானத்தைப் பார்த்து அந்தக் கடவுளையே திட்ட ஆரம்பித்தான். திட்டத் திட்ட, அவனுக்கே தெரியாமல், பதிலுக்காகக் காத்திருக்கவும் ஆரம்பித்தான்.

நல்ல இடத்துல நிறுத்தோணும்

எங்கள் கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. கோயிலில் புராணம் படிக்கிறவர் கஷ்டமான கட்டத்தில் ஏட்டை மூடக்கூடாது. காட்டில் விட்டு நிறுத்தக்கூடாது, சிறையில் விட்டு நிறுத்தக்கூடாது. ஒரு நல்லது நடக்கும் இடம்வரை படித்துவிட்டுத்தான் விளக்கைக் குளிர வைக்க வேண்டும். இல்லையென்றால் அந்தக் கஷ்டம் கேட்டவர்கள் வீட்டுக்குக் கூடவே வந்துவிடும்.

பாப்பாத்தியக்கா அந்தச் சட்டத்தை ஆசாரிக்கும் கொண்டுவந்துவிட்டார். வேலை முடிந்ததற்குச் சங்கு ஊதிவிடும். ஆசாரி சுறாவுக்கு நடுவில் கிடப்பான். “அவன அங்கியே உட்டுப்போட்டு நாம ஊடு போறதா? ஒரு மீனாச்சும் கெடைக்கட்டும், படி கண்ணு” என்பார். மீன் கிடைக்கிறவரை ஒருத்தியும் எழமாட்டாள். சூப்பர்வைசர் வாசலில் நின்று கத்துவார். கொஞ்ச நாளில் அவரும், “மீன் கெடச்சுதா?” என்று கேட்டுவிட்டுக் கதவைப் பூட்ட ஆரம்பித்தார்.

ஒருநாள் பாப்பாத்தியக்காவே ஆரம்பித்தார். “ஆசாரி நல்லபடியாக் கரை சேந்தா நம்ம மாரியாத்தாளுக்குப் பொங்க வெச்சுப்போடலாம்.”

“அவன் வேற சாமி ஊருக்காரனாட்டம் இருக்குதுங்களே” என்றாள் ஒருத்தி.

“கடல்ல கெடக்கறவன்கிட்ட, நீ என்ன சாமி கும்படறவன்னு கேட்டுப்போட்டா காப்பாத்துவா ஆத்தா?”

எல்லோரும் சரி என்றார்கள். தங்கராசு பெயரை யாரும் எடுக்கவில்லை. ஆனால் ஆசாரி என்று சொன்னபோதெல்லாம் எல்லோரும் புஷ்பத்தைத்தான் பார்த்தார்கள். இவன் கரை சேர்ந்தால் அவரும் சேர்ந்துவிடுவார் என்று அந்த ஹாலே முடிவு செய்துவிட்டது.

புஷ்பம் மட்டும், “வேணாங்கக்கா. பொங்கலெல்லாம் வேணாம்” என்றாள். ரொம்பத்தான் பிகு பண்ணுகிறாள் என்று நினைத்தேன்.

அந்த வாரமே புத்தகம் தீர்ந்துவிட்டது. தூரத்தில் ஒரு வெளிச்சம் தெரிகிறது, நடுவில் பாறைகள், கதவின் ஒரு பக்கம் பிளந்துவிட்டது. அதோடு சரி. மேலே தாள் இல்லை.

யாரும் எழவில்லை. சங்கு ஊதி ஓய்ந்தது. “இப்படிப் பாறைக்கு நடுவுல உட்டுப்போட்டியே” என்று பாப்பாத்தியக்கா தலையில் கைவைத்துக்கொண்டார். அடுத்த கப்பலிலும் தங்கராசு வரவில்லை. புஷ்பம் மத்தியானச் சோற்றைப் பாதியில் மூடி வைக்க ஆரம்பித்தாள். ரோடு சரியாகி என் பத்திரிகை வந்தது. பிரித்தேன். கேட்க ஆளில்லை.

குன்னூரில் கிடைத்த முடிவு

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் குன்னூருக்கு பஸ் ஏறினேன். புஷ்பத்துக்காகப் போனேன் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். அப்படி இல்லை. முடிவைக் கொண்டுவருகிறவள் நானாக இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

நூலகத்தில் இருந்தவரிடம், “ஒரு ஆசாரியும் பாதிரியாரும் கதவப் புடிச்சுட்டு மெதப்பாங்க, அந்தக் கதைங்க” என்றேன். “அட, அதுங்களா!” என்று எழுந்துபோய்க் கொண்டுவந்துவிட்டார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து நேராகக் கடைசிக்குப் போனேன்.

கதவு பாறையில் மோதி உடைகிறது. ஆசாரி வானத்தைப் பார்த்து, இருக்கிறாயா என்று ஒருமுறை கேட்கிறான். அலை மூடிவிடுகிறது. விடிந்த பிறகு ஒரு மீனவப் பெண் கரையில் ஒதுங்கிய ஒற்றைப் பலகையை விறகுக்கு எடுத்துப் போகிறாள். முற்றும்.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். நன்றாக வேண்டும் அவளுக்கு! பத்துப் பேர் பிடிபிடியாகக் காம்பு போட்ட கதை இப்படி முடியட்டும். பஸ் மூன்று வளைவு ஏறுகிறவரை அந்தச் சந்தோஷம் இருந்தது.

திங்கட்கிழமை புத்தகத்தைக் காட்டியதும் ஹாலே எழுந்து நின்றது. புஷ்பம் மட்டும் உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. தன் இடத்தை எனக்கு விட்டு நகர்ந்தாள். தட்டையும் என் முன்னால் தள்ளினாள். பிறகு தன் கையால் ஒரு பிடி காம்பை எடுத்து அதில் போட்டாள். அடுத்தவள் ஒரு பிடி, அதற்கடுத்தவள் ஒரு பிடி.

இதற்காகத்தானே ஏங்கினேன். தட்டைப் பார்க்காமல் புத்தகத்தைப் பிரித்தேன்.

படித்தேன். வெளிச்சம், பாறை, பிளந்த கதவு. ஓரக்கண்ணால் புஷ்பத்தைப் பார்த்தேன். தலை குனிந்து வேகவேகமாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். காம்போடு நல்ல தேயிலையையும் சேர்த்து அள்ளிக்கொண்டிருந்தாள். கதவு உடைந்தது. “அம்மிணி, நல்ல எடத்துல நிறுத்துங்க” என்றார் பாப்பாத்தியக்கா.

புத்தகத்தில் நல்ல இடமே மிச்சமில்லை. பக்கத்தைத் திருப்பினேன். அங்கே பதிப்பகத்தின் மற்ற வெளியீடுகள் என்று ஒரு விளம்பரம். முதலில் இருந்தது சமையல் புத்தகம். நான் அதைப் பார்த்துக்கொண்டே படித்தேன்.

“அலை அவனைத் தூக்கிக் கரையில் போட்டது. காலையில் ஒரு மீனவப் பெண் வந்தாள். பலகை என்று நினைத்துத் தொட்டாள், ஆள். குடிசைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். சூடாகக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள். ஊரே கூடி நின்றது. ஐயா, இத்தனை நாள் கடலில் கிடந்தீர்களே, எந்தச் சாமி உங்களைக் காப்பாற்றியது என்று கேட்டார்கள். அவன் ஒரு வாய் குடித்தான். எல்லோரையும் பார்த்தான். அம்மா, கஞ்சியில் உப்புக் கம்மி என்றான்.”

ஹால் வெடித்தது. “கடலையே குடிச்சவனுக்கு உப்புப் பத்தலையாமா!” என்று பாப்பாத்தியக்கா என் முதுகில் அறைந்தார். சூப்பர்வைசர் ஓடிவந்தார். சிரிக்கிறவளும் அழுகிறவளுமாகக் கிடந்தார்கள். என் வாழ்நாளில் அப்படிப் படித்ததில்லை.

அப்புறம் பாப்பாத்தியக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “எப்படியோ, நம்ம புஷ்பம் கதை நல்லபடியா முடிஞ்சுது.”

புஷ்பம் கதையாம்! புத்தகத்தை டப்பென்று மூடி முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன்.

அர்ச்சனை

அந்த வெள்ளிக்கிழமை பொங்கல் வைத்தார்கள். பூசாரி யார் பேருக்கு என்று கேட்டார். ஆசாரி பேருக்கு என்றார்கள். நட்சத்திரம்? ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பாப்பாத்தியக்கா முன்னால் வந்து, “தேக்கு, வேங்கை, கருங்காலி, பலா, மருதுன்னு சொல்லுங்க. ஆத்தாளுக்குத் தெரியும்” என்றார். பூசாரி எங்களை ஒருமாதிரி பார்த்துவிட்டு அப்படியே சொல்லிக் கற்பூரம் காட்டினார்.

புஷ்பம் பொங்கலைக் கையில் வாங்கி வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தாள்.

தங்கராசு பனிக்காலம் முடிகிற சமயத்தில் வந்தார். ஒரு தகரப் பெட்டி, ஓயாத இருமல், வெட்கச் சிரிப்பு. ஹாலில் எல்லோரும் அவரை ஆசாரி என்றே கூப்பிட்டார்கள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. சில மாதத்தில் கூடலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் இருவருக்கும் வேலை கிடைத்தது.

மங்குஸ்தான்

கிளம்புவதற்கு முதல்நாள் மத்தியானம் புஷ்பம் என் வீட்டுக்கு வந்தாள். பை நிறைய பர்லியார் மங்குஸ்தான். சிலோனில் அவள் லயத்துக்குப் பின்னால் அந்த மரம் இருந்ததாம்.

உட்கார்ந்து ஒரு பழத்தை உடைத்து என்னிடம் நீட்டிவிட்டுக் கேட்டாள். “அக்கா, அந்தப் பொஸ்தகத்துல நெசமா அப்பிடித்தான் இருந்துச்சுங்களா?”

“பின்னே? நான் என்ன கண்ண மூடிட்டா படிச்சேன்?”

“நான் அங்கயே முழுசும் படிச்சிட்டேங்க. அவருதான் வாங்கிக் குடுத்தாரு. கடைசித் தாளையெல்லாம் கப்பல்ல வாறப்ப நாந்தான் கிழிச்சிக் கடல்ல போட்டேன். அந்த முடிவக் கையில வச்சுக்கிட்டு அவர விட்டுட்டு வர முடியலைங்க.”

பழம் என் வாய்க்குப் போகவில்லை.

“நீங்க பொஸ்தகத்தத் தூக்கிக்கிட்டு வந்ததும் செத்தேன்னு நெனச்சேன். கதவு ஒடஞ்சிருச்சு. அலை மூடப்போகுதுன்னு காதப் பொத்தப் போனேன். நீங்க தாளத் திருப்பிட்டு வேற என்னமோ படிக்கிறீங்க.” பழத்தோலைக் கையில் உருட்டினாள். “அப்பறம் இன்னொரு பயம் புடிச்சிருச்சிங்க. பொய்க்கு வச்ச பொங்கல். சாமி கோவிச்சுக்கிட்டு அவர அங்கயே நிறுத்திருமோன்னு. இப்ப வந்துட்டாரு. சாமிக்குத் தெரியாமப் போச்சா, தெரிஞ்சும் விட்டுருச்சான்னு எனக்கு வெளங்கலைங்க.”

எனக்கும் விளங்கவில்லை. இன்றைக்கு வரைக்கும் விளங்கவில்லை.

“முடிவில்லாத பொஸ்தகத்த எதுக்குப் படிக்க ஆரம்பிச்ச?” என்று கேட்டேன்.

“போகப் போக நானே ஒரு முடிவு கட்டிரலாம்னு இருந்தேன்” என்றாள். எழுந்து வாசல்வரை போனவள் திரும்பி நின்றாள். அதுவரை பார்க்காத ஒரு முகம். “எத்தன விதமாக் கட்டிப் பாத்தேன் தெரியுங்களா? கரையில போட்டு அழ வச்சேன். மண்டி போட்டுச் சாமி கும்பிட வச்சேன். ஒண்ணும் நிக்கல. நீங்க ஒரே மூச்சுல உப்புக் கம்மின்னுட்டீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு மட்டும் வயிறு எரிஞ்சிபோச்சிங்க. எனக்கு ஏன் அது வரலன்னு இப்பவும் எரியுது.”

சொல்லிவிட்டு விறுவிறுவென்று இறங்கிப் போய்விட்டாள்.

வீட்டுக்காரர் வந்தபோது நான் மங்குஸ்தான் தோல்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். விரலெல்லாம் கறை.

“ஏம்புள்ள, தனியாச் சிரிச்சுட்டிருக்கற?”

“ஒருத்தி என்னப் பாத்து வயிறு எரிஞ்சாளாமுங்க.”

“அதுக்கா சிரிக்கற?”

“பின்னே?” என்றேன். இன்னொரு பழத்தை உடைத்தேன். அவருக்குக்கூட ஒன்று கொடுக்கவில்லை.